பனிக்காலம் கழிந்தபின் முற்றத்துக் கற்கள் எழும்பினால், தாழ்ந்தால், உதிர்ந்தால்: குறி பார்த்துக் காரணம் அறியும் வழிமுறை

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் என்று ரொறன்ரோவைச் சுற்றி வீடு வைத்திருக்கும் நம்மவர்கள், வாகனப் பாதையிலும் பின்வளவிலும் பதிக்கும் கற்களை 'இன்டர்லொக்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். பனி உருகி வெளியே காலடி வைக்கும் முதல் வாரத்தில்தான் அந்தக் கற்களின் குறைகள் கண்ணில் படுகின்றன. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், சுவரோரம் பள்ளமாகியிருக்கும், மேற்பரப்பு தவிடுபோல உதிர்ந்துகொண்டிருக்கும். கல் தரமில்லை என்று உடனே முடிவு கட்டுவதும், அடுத்த முறை விலை கூடிய கல்லாகப் பார்த்து வாங்குவோம் என்று தீர்மானிப்பதும் வழக்கம். மேற்பரப்பு உதிர்வது போன்ற சிலவற்றை விட்டால், கீழே சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை கல்லுக்கு அடியில் பிறப்பவை. அதே குழியின்மீது எவ்வளவு உயர்ந்த கல்லைப் பதித்தாலும் அடுத்த பங்குனியில் அதே குறி திரும்ப வரும்.

கல்லைக் கிளப்புவதற்கு முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, குறை எப்போது தெரிந்தது என்பதாகும். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், கற்பரப்பு வீட்டுச் சுவரைத் தொடும் மட்டத்தில் மூன்று நான்கு இடங்களில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள். அதே இடங்களைப் பெப்ரவரியிலும் மே மாத இறுதியிலும் அளந்து பாருங்கள். பெப்ரவரியில் உயர்ந்து மே மாதத்தில் திரும்பிய பரப்புக்கும், பெப்ரவரியில் அசையாமல் மே மாதத்தில் தாழ்ந்த பரப்புக்கும் காரணம் வெவ்வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து செய்தவர்கள் பணத்தை இருமுறை செலவழித்திருக்கிறார்கள்.

குறி: தை மாசியில் மேலெழும்பி, வெயில் வந்ததும் ஏறத்தாழப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது

பின்கதவு பெப்ரவரியில் கல்லில் உரசுவதும், வேலிக்கதவு திறக்க மறுப்பதும், மே மாதத்தில் இரண்டும் தாமாகச் சரியாவதும் இதன் அடையாளங்கள். இது உறைபனியால் நிலம் எழும்புவது. தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது என்பது பலருக்குத் தெரியும். அதனால் மட்டும் நிலம் சில சென்ரிமீற்றர் உயர்ந்துவிடாது. உறைந்துகொண்டிருக்கும் மண்படை கீழேயுள்ள ஈரத்தைத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அப்படி ஏறிய நீர் தகடு தகடாகப் பனிக்கட்டியாகித் தன் மேலுள்ள அனைத்தையும் தூக்குகிறது. இதற்கு மூன்று பொருள்கள் ஒருங்கே வேண்டும்: உறைநிலைக் குளிர், வண்டலும் களியும் கலந்த நுண்மண், தண்ணீர். முதலாவதை நம்மால் மாற்ற இயலாது. இரண்டாவதை ஓரளவு அகழ்ந்து அகற்றலாம். மூன்றாவதை விலக்குவதே மலிவான வழி என்றாலும், அதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள்.

ஆகவே முதலில் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பீலியிலிருந்து இறங்கும் குழாய் கற்பரப்பின் ஓரத்தில் கொட்டினால், நவம்பர் மழை முழுவதும் கல்லுக்கு அடியில் சேர்ந்து, உறைவதற்குக் காத்திருக்கும். அந்தக் குழாயைப் புல்தரை வரை நீட்டிவிட்டு ஒரு குளிர்காலம் பொறுத்துப் பார்ப்பது, கல்லைக் கிளப்புவதைவிட நூறில் ஒரு பங்குச் செலவு. அதன் பின்னும் எழும்பினால், மே மாத இறுதியில், நிலம் முற்றும் இளகிய பிறகு, எழும்பிய இடத்தில் நாலைந்து கற்களை எடுத்துவிட்டு அடிவரை தோண்டிப் பாருங்கள். மேலே மணல், அதன்கீழ் சல்லி, அதன்கீழ் மண் என்ற வரிசையில் சல்லிப்படை எத்தனை தடிப்பு என்பதை அளக்க வேண்டும். நடைபாதைக்கும் உட்காரும் முற்றத்துக்கும் இறுக்கிய நிலையில் 150 முதல் 200 மில்லிமீற்றர், வாகனப் பாதைக்குக் களிநிலமாயின் 250 முதல் 300 மில்லிமீற்றர் இருப்பது இப்பகுதிக்குத் தகும். நீங்கள் காணப்போவது பெரும்பாலும் அதில் பாதியாக இருக்கும்.

தென் ஒன்ராறியோவில் வீட்டு அத்திவாரத்தை உறைபனிக்குக் கீழே கொண்டுசெல்ல ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம் தோண்டுகிறார்கள். கற்பரப்புக்கு எவரும் அந்த ஆழம் தோண்டுவதில்லை, தோண்டவும் வேண்டியதில்லை. 300 மில்லிமீற்றர் சல்லி நிலம் உறைவதைத் தடுப்பதில்லை. அது நீரைத் தங்கவிடாமல் வடித்து, அசைவைக் குறைத்து, குறைந்த அசைவையும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக்குகிறது. முற்றம் முழுவதும் ஒரு சென்ரிமீற்றர் எழுந்து ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஒரு மூலை மட்டும் எழுந்தால்தான் கால் இடறுகிறது. கொங்கிரீட்டை ஒரே பாளமாக ஊற்றாமல் சிறு கற்களாகப் பதிப்பதன் பயனும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

களிநிலத்தில் குழி தோண்டியவுடன் அடியில் நெய்யப்படாத வடிதுணியை விரிப்பது அவசியம். அது இல்லாவிட்டால், இளவேனிலில் சேறாக இளகும் களி சல்லிக்குள் ஏறிக்கொள்ள, காலப்போக்கில் சல்லி வடியும் தன்மையை இழந்துவிடுகிறது. அண்மைக் காலத்தில் தூள் கலவாத சல்லியை, 19 மில்லிமீற்றர் கழுவிய கல்லை, அடிப்படையாகப் போடும் முறையும் பரவி வருகிறது. மணற்பாங்கான நிலத்தில் அது மிக நல்ல முறை. களிநிலத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: நீர் வெளியேற வழியில்லாத களிக்குழியில் தூளற்ற இந்தக் கல்லை நிரப்பினால் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அடியில் துளையிட்ட வடிகுழாயைச் சரிவாக வைத்துத் தாழ்வான பக்கம் நீரை வெளியேற்ற இயலுமானால் மட்டுமே அங்கே அதைச் செய்யலாம்.

குறி: வீட்டுச் சுவரோரம், அல்லது படிக்கட்டின் அடியில், ஒரே பட்டையாகத் தாழ்ந்திருக்கிறது

இதற்குக் குளிர்காலம் பெரும்பாலும் பொறுப்பில்லை. வீட்டைக் கட்டியவர்கள் நிலவறைக்காக அகலமாகத் தோண்டி, சுவர் எழும்பியதும் இடைவெளியில் மண்ணைத் தளர்வாகத் தள்ளி மூடியிருப்பார்கள். அந்த மண் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல அமர்கிறது. புதிய குடியிருப்புகளில் வீடு வாங்கிய முதற்கோடையிலேயே இன்டர்லொக் போட்டவர்களுக்கு இந்தக் குறை அநேகமாக நிச்சயம். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. இரண்டாவது ஆண்டில் சுவரோரத்தில் ஒரு கையளவு அகலப் பள்ளமும், மூன்றாவது ஆண்டில் நிலவறைச் சுவரின் ஒரு மூலையில் ஈரமும் கண்டேன். கல் பதித்தவர் திரும்ப வந்து, கற்களைத் தூக்கிக் கீழே மணலைக் கொட்டிச் சமப்படுத்திவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு பள்ளம் திரும்பி வந்தது.

அந்தத் திருத்தத்தில் பிழை மணலில் இருந்தது. கல்லுக்குக் கீழுள்ள மணற்படை 25 மில்லிமீற்றர் தடிப்பைத் தாண்டக் கூடாது. அதற்கு மேற்பட்ட மணல் நனையும்போதும் பாரம் ஏறும்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். பள்ளத்தை நிரப்ப வேண்டியது சல்லி. தாழ்ந்த பட்டையின் கற்களையும், அதற்கப்பால் அரை மீற்றர் அகலத்துக் கற்களையும் எடுத்து, மணலை முற்றாக வழித்துவிட்டு, அடியிலுள்ள மண்ணை இறுக்கி, அதன்மேல் தூள் கலந்த 19 மில்லிமீற்றர் சல்லியை (ஒன்ராறியோவில் கிரானுலர் ஏ என்று கேட்டால் கிடைக்கும்) 100 மில்லிமீற்றருக்கு மேற்படாத படைகளாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் சற்றே நனைத்துத் தட்டு இயந்திரத்தால் அதிர்த்து இறுக்க வேண்டும். அதன்மேல் 25 மில்லிமீற்றர் மணல், அதன்மேல் அதே கற்கள். 300 மில்லிமீற்றர் சல்லியை ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இயந்திரத்தை ஓட்டினால், மேற்பகுதி கல்லாகவும் அடிப்பகுதி பொரிமாவாகவும் இருக்கும்.

நீரோட்டச் சரிவை இந்த வேலையோடு சேர்த்துத் திருத்திவிட வேண்டும். சுவரிலிருந்து வெளிநோக்கி 2 சதவீதச் சரிவு, அதாவது 3 மீற்றர் அகலமான முற்றத்தின் வெளியோரம் 6 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். பார்வைக்கு அது சரிவாகவே தெரியாது. சமமாக இருந்தால்தான் அழகு என்று சொல்லிச் சரிவைக் குறைக்கச் சொல்பவர்கள், ஜனவரியில் அந்த முற்றத்தில் படியும் பனித்தகட்டைத் தாங்களே உடைக்க நேரிடும்.

குறி: வாகனப் பாதையில் சில்லுத் தடம் பள்ளமாகியிருக்கிறது

சல்லித் தடிப்புப் போதாமை முதற் காரணம். அதை மேலே சொன்னவாறு அளந்து பார்க்கலாம். இரண்டாவது காரணம், கல்லின்கீழ் மணலுக்குப் பதிலாகச் சுண்ணக்கல் தூளைப் போட்டிருப்பது. ஸ்கிரீனிங் என்று இங்கே சொல்லப்படும் அந்தத் தூள் மலிவானது, சமப்படுத்த இலகுவானது, கையில் எடுத்தால் இறுகிப் பிடிக்கும். அதனால் உறுதியானதென்று தோன்றும். அதன் நுண்தூள் நீரை வடியவிடாமல் வைத்துக்கொள்கிறது. பிப்ரவரியில் உறைகிறது, ஏப்ரலில் கூழாகிறது, அந்தக் கூழின்மேல் இரண்டு தொன் வாகனம் ஏறி இறங்குகிறது. போட வேண்டியது கழுவிய, கரடுமுரடான கொங்கிரீட் மணல், அல்லது எச்பிபி என்று விற்கப்படும் 6 மில்லிமீற்றர் அளவான கழுவிய சிறுகல். எச்பிபி போட்டால் அடியிலுள்ள சல்லிக்கும் அதற்கும் இடையே வடிதுணி வேண்டுமா என்பதைச் சல்லியின் வகையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் கல்லின் வடிவம். அகலமான, மெல்லிய பலகைக் கற்கள் இப்போது எல்லோருக்கும் பிடித்தவையாகிவிட்டன. அவை நடப்பதற்கு உரியவை. வாகனத்தின் பாரத்தில் நடுவே வெடிக்கும், அல்லது ஊஞ்சல்போல் ஒரு பக்கம் எழும்பும். வாகனப் பாதைக்குச் சிறிய, குறைந்தது 60 மில்லிமீற்றர் தடிப்புள்ள கற்களை மீன்முள் வடிவத்தில் அடுக்குவதே உறுதி. வாகனம் நிறுத்தும்போதும் திரும்பும்போதும் எழும் தள்ளுவிசையை அந்த வடிவம் நாலாபுறமும் பங்கிட்டுக்கொள்கிறது.

குறி: கல்லின் முகம் உதிர்கிறது, செதில் செதிலாகக் கழல்கிறது

இந்த ஒன்றில்தான் கல்லைக் குற்றம் சாட்ட இடமுண்டு. முதலில் உதிர்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாசற்படியருகிலும், வாகனத்திலிருந்து சேற்றுப்பனி சொட்டும் இடத்திலும் மட்டும் இருந்தால் உப்பு காரணம். முற்றம் முழுவதும் பரந்து, உப்பே படாத மூலையிலும் இருந்தால் கல்லின் உள்ளமைப்பே காரணம்.

உப்பு பனியை உருக்குவதால், கல்லின் துளைகள் உலர்வதற்குப் பதிலாக நீரால் நிறைகின்றன. இரவில் மீண்டும் உறைகின்றன. ரொறன்ரோவின் குளிர் வினிப்பெக்கின் குளிரைவிட மென்மையானது. கல்லுக்கோ இதுவே கொடியது, ஏனெனில் இங்கே வெப்பநிலை பூச்சியத்தை மாறி மாறிக் கடந்து, ஒரே குளிர்காலத்தில் பலமுறை உறையவும் உருகவும் வைக்கிறது. சாதாரண உப்பின் பயன் −10 பாகைக்குக் கீழே வெகுவாகக் குறைகிறது. அப்போது இன்னொரு வாளி உப்பைக் கொட்டுவதைவிடக் கரடுமுரடான மணலைத் தூவுவது மேல்; வழுக்காது, கல்லையும் தின்னாது. மக்னீசியம் குளோரைட்டு 'கல்லுக்குத் தீங்கற்றது' என்று பொதியில் எழுதி விற்கப்பட்டாலும், அது சீமெந்தோடு வேதிமாற்றம் அடைந்து அதைப் பலவீனமாக்கக்கூடியது. அமோனியம் கலந்த உரங்களைப் பனி உருக்கப் பயன்படுத்துவது கொங்கிரீட்டுக்குப் பெருங்கேடு.

உதிர்ந்த கல்லைத் திருத்த வழியில்லை. பத்துப் பன்னிரண்டு கற்களாயின் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கலாம். அடிப்பக்கத்தில் ஓரச் சரிவு இல்லாததால் கொஞ்சம் வேறுபட்டுத் தெரியும். மாற்றுவதாக இருந்தால் வாங்கும்போது கேட்க வேண்டியது நிறத்தையும் பெயரையும் அல்ல. கனடாவில் கொங்கிரீட் பதிகற்களுக்கு உரிய நியமம், கனடிய நியமச் சங்கத்தின் சி.எஸ்.ஏ. ஏ231.2. அது சராசரியாக 50 மெகாபாஸ்கல் அழுத்தவலிமை கேட்கிறது. மேலும் 3 சதவீத உப்புநீரில் கல்லை உறையவைத்து உருகவைக்கும் சோதனையில், 28 சுற்றுகளில் ஒரு சதுரமீற்றர் பரப்புக்கு 225 கிராமுக்கு மேல், அல்லது 49 சுற்றுகளில் 500 கிராமுக்கு மேல் உதிரக் கூடாது என்கிறது. பலகைக் கற்களுக்கு ஏ231.1 என்ற தனி நியமம் இருக்கிறது. தயாரிப்பாளரின் தகவல் தாளில் உரிய நியம எண் இல்லாத கல்லை, எவ்வளவு மலிவாயினும், உப்புப் படும் இடத்தில் போடாதீர்கள்.

சுட்ட செங்கல்லின் கதை வேறு. பழைய வீட்டை இடித்த சிவப்புக் கற்களைக் கொண்டு பாதை போட்டவர்கள் இரண்டாவது மூன்றாவது குளிர்காலத்தில் முகம் கழன்ற கற்களைக் காண்பது வழக்கம். நிமிர்ந்த சுவரில் மழை வழிந்தோடிவிடும். நிலத்தில் கிடக்கும் கல் நீரில் ஊறியபடியே உறைகிறது. ஊறிய நிலையில் உறைவதைத் தாங்கும் பதிசெங்கல்லுக்கு அமெரிக்க நியமம் எஸ்எக்ஸ் என்ற வகுப்பைத் தனியாக வைத்திருக்கிறது. இயற்கைக் கற்களில் கருங்கல் உறுதியானது. படைபடையாக அமைந்த மணற்கல்லும் சுண்ணக்கல்லும் சுரங்கத்துக்குச் சுரங்கம், ஒரே சுரங்கத்திலும் பாளத்துக்குப் பாளம் மாறுபடும். நம்மூர் வீடுகளில் தரைக்கும் அடுப்படிக்கும் போட்டுப் பழகிய கடப்பாக் கல்லும் சுண்ணக்கல் இனம்தான். வெயில் நாட்டில் தலைமுறைகள் தாண்டியது என்ற ஒரே சான்றை நம்பி அதை இங்கே உப்புப் படும் படியில் பதிக்க நான் துணியமாட்டேன். மாதிரிக் கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பார்ப்பது எளிய முன்சோதனை: சில நிமிடங்களில் கறுத்து உறிஞ்சிவிட்டால், அது பனியையும் அப்படியே உறிஞ்சும். 20 மில்லிமீற்றர் போர்சலின் பலகைகள் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாதவை, ஆகவே உறைபனிக்கு அஞ்சாதவை. ஆனால் அடித்தளத்தில் சிறு மேடு பள்ளம் இருந்தாலும் ஆடும், முனை உடையும், ஈரத்தில் வழுக்காத முகமுள்ளதைத் தேடி எடுக்க வேண்டும்.

குறி: கல்லில் வெள்ளை படர்ந்திருக்கிறது

வெள்ளை மூன்று வகை. குளிர்காலத்தில் தோன்றித் தண்ணீரில் கரைந்து போனால் அது உப்பு. புதிய கல்லில் முதல் ஓராண்டுக்குள் பூத்து வந்தால், சீமெந்திலுள்ள சுண்ணாம்பு நீரோடு மேலேறிக் காற்றில் படிந்தது. கல்லுக்குக் கேடில்லை, காலப்போக்கில் மழையே பெரும்பாலும் கழுவிவிடும். பொறுமையற்றவர்கள் அதற்கென விற்கப்படும் கழுவுநீரை வாங்கலாம். அடர்ந்த அமிலத்தை ஊற்றினால் கல்லின் நிறமும் போகும். அந்தப் பூப்பு அடங்குமுன் மேற்பூச்சு அடித்தால், வெள்ளை உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். இடைவெளி மணல் போட்ட மறுநாளே தோன்றிய மங்கல் படலமாயின், அது பாலிமெரிக் மணலின், அதாவது நனைத்தால் இறுகும் பசை கலந்த இடைவெளி மணலின், பசைத்தூள். நனைப்பதற்கு முன் கற்களின் முகத்தைச் சரியாகப் பெருக்காததன் விளைவு.

குறி: இடைவெளிகள் அகலுகின்றன, ஓரக்கற்கள் வெளியே சாய்கின்றன, முனைகள் உடைகின்றன

ஓரத்தில் பதித்த பிளாஸ்டிக் தடுப்பு மண்ணிலோ மணலிலோ நிற்கிறதா, இறுக்கிய சல்லியின்மேல் நிற்கிறதா என்று பாருங்கள். சல்லிப்படை கற்பரப்பைவிடக் குறைந்தது 150 மில்லிமீற்றர் வெளியே நீண்டிருந்தால்தான் தடுப்பின் 25 முதல் 30 சென்ரிமீற்றர் ஆணிகளுக்குப் பிடி கிடைக்கும். புல்லுக்கு இடம் வேண்டுமென்று குழியைக் கற்பரப்பின் அளவுக்கே ஒட்ட வெட்டுவது இங்கே மிகச் சாதாரணமான பிழை. ஓரத்தில் சீமெந்துச் சாந்தை அணைத்துவிடுவதும் நிலையான தீர்வாகாது. உறைநிலம் அதை அடுத்தடுத்த ஆண்டுகளில் துண்டு துண்டாக்கிவிடும்.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையே 2 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி இருந்து, அது மணலால் நிறைந்திருக்க வேண்டும். மணல் கழுவுண்டு போனால் கற்கள் ஒன்றோடொன்று நேரே மோதி முனை உடைகின்றன. பனிவாரி இயந்திரத்தின் மீது பழி விழுகிறது. பாலிமெரிக் மணலைப் போடும்போது கற்கள் முற்றும் உலர்ந்திருக்க வேண்டும், மறுநாள் வரை மழை இருக்கக் கூடாது. இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்களில் அந்த நாள் எளிதில் அமைவதில்லை.

திறந்து செய்வதென்று முடிவானால்

ஒன்ராறியோவில் மண்வெட்டி போடுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து, நிலத்தடி எரிவாயு, மின் இணைப்புகளைக் குறியிடச் செய்வது சட்டப்படியான கடமை, வீட்டுக்காரருக்குக் கட்டணமில்லை. சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். 20 சதுரமீற்றர் வாகனப் பாதைக்கு 300 மில்லிமீற்றர் சல்லி என்றால் 6 கனமீற்றர், ஏறத்தாழ 13 தொன். அந்த அளவு மண்ணும் வெளியேற வேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுக்கும் விலைப்பட்டியலில் மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைவான தொகை இருந்தால், அங்கே குறைக்கப்பட்டது பெரும்பாலும் இந்தச் சல்லியாகத்தான் இருக்கும். ஆகையால் தோண்டும் ஆழம், சல்லியின் வகை, தடிப்பு, எத்தனை படைகளாக இறுக்குவது என்ற நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குழி திறந்திருக்கும் நாளில் அளவுகோலை நிறுத்திப் படமெடுத்து வையுங்கள். உறைந்த நிலத்தின்மேல் சல்லி இறுக்குவதை எக்காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். அந்த உறைவு இளகும்போது பரப்பு அமர்ந்துவிடும்.

கற்களைப் பதிக்கும்போது அவை அடுக்கி வரும் மரத்தட்டுகளில் மூன்று நான்கிலிருந்து கலந்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நிற வேறுபாடு பட்டை பட்டையாகத் தெரியும். வேலை முடிந்ததும் ஒரு சதுரமீற்றர் அளவு கற்களை வாகனக் கொட்டிலின் மூலையில் அடுக்கி வையுங்கள். அந்த நிறத்தைத் தயாரிப்பாளர் சில ஆண்டுகளில் நிறுத்திவிடக்கூடும். உடைந்த நாலு கற்களை மாற்ற அப்போது அவை மட்டுமே பொருந்தும்.